வீட்டை ஜோடித்துக் காட்டும் வேலை: நம் மலையின் 200 வருடக் கதை



"டீச்சர், குன்னூர் வீட்டை விக்கிறீங்களாமே, நிஜமா?" என்று இரண்டு மாதமாகப் போன் மேல் போன். நிஜம்தான். கேட்டில் இருந்து வாசலுக்கு 22 படி. என் முழங்கால் இனி அந்தப் படிகளோடு சண்டை போடத் தயாரில்லை. மகள் கோயம்புத்தூருக்கு வந்துவிடச் சொல்கிறாள். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, இந்த வீட்டை விற்கத் தயார் செய்த கதையை இங்கேயே எழுதிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்த வாய் இது, சுருக்கிச் சொல்ல வராது. டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

போன ஆடி மாதம் என் பழைய மாணவி ஒருத்தி பார்க்க வந்தாள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கோயம்புத்தூரில் இருக்கிறாள். "என்ன வேலை கண்ணு பண்றே?" என்று கேட்டேன். "விக்கப்போற வீட்டை ஜோடிச்சுக் கொடுப்பேன் டீச்சர். ஹோம் ஸ்டேஜிங்னு பேரு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொண்ணு பாக்க வர்றப்போ பொண்ணை ஜோடிக்கிற மாதிரியா?" என்றேன். "அதேதான் டீச்சர், ஆனா பஜ்ஜி சொஜ்ஜி கிடையாது" என்றாள்.

அவள் சொன்ன விவரம் இது. அமெரிக்காவில் சியாட்டில் பக்கத்தில் பார்ப் ஷ்வார்ஸ் என்று வீடு விற்றுக்கொடுக்கும் அம்மா ஒருவர் இருந்தார். 1972-ல் அவர்தான் இந்த வேலைக்கு இப்படி ஒரு பெயர் வைத்தவர் என்று சொல்கிறார்கள். நாடகத்துக்கு மேடை அமைப்பது போல வீட்டை அமைப்பது என்று பொருள். இன்றைக்கு அங்கே அது பெரிய தொழில். அந்த நாட்டு வீட்டுத் தரகர் சங்கம் 2023-ல் வெளியிட்ட அறிக்கையில், வாங்குபவர் பக்கத்துத் தரகர்களில் 81 சதவீதம் பேர், இப்படி ஜோடித்த வீட்டைப் பார்க்கும்போது அதைத் தங்கள் வீடாகக் கற்பனை செய்துகொள்வது வாங்க வருபவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

அவள் போன பிறகு யோசித்துக்கொண்டே இருந்தேன். இந்த வேலையை என் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். நம் நீலகிரியில் இது 200 வருடமாக நடக்கும் வேலை. பெயர்தான் புதிது.

முதலில் இருந்து வருகிறேன். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஏறி வந்தார். கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பெத்தக்கல் பங்களாவைப் பள்ளிச் சுற்றுலாவில் உங்களில் பலருக்குக் காட்டியிருக்கிறேன். பிறகு அவர் ஊட்டிக்கு நகர்ந்தார். 1822-ல் கல் பங்களாவைக் கட்ட ஆரம்பித்தார். அதுதான் ஊட்டியின் முதல் ஐரோப்பிய வீடு. இன்று அரசு கலைக் கல்லூரி இருக்கிற இடம். நிலம் தோடர்களுடைய மேய்ச்சல் நிலம். ஏக்கர் 1 ரூபாய் கணக்கில் அவர்களிடம் வாங்கினார் என்று வரலாறு சொல்கிறது. அந்த விற்பனைக்கு யாரும் எதையும் ஜோடிக்கவில்லை. விற்பவருக்கு விலை தெரியாது, வாங்குபவருக்குத் தெரியும். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் ஜோடிப்பு வேலை ஆரம்பித்தது, அதுவும் ஊரையே ஜோடிப்பது. 1820-களில் ஓடையைத் தடுத்து ஏரி வெட்டினார்கள். இங்கிலாந்துக் காய்கறிகள், பூச்செடிகள் கொண்டுவந்து நட்டார்கள். ஆஸ்திரேலியாவில் இருந்து சீகை வந்தது, 1840-களில் கற்பூர மரம் வந்தது. 1848-ல் கியூ தோட்டத்தில் பழகிய மெக்ஐவர் வந்து அரசினர் தாவரவியல் பூங்காவை வடிவமைத்தார். வீடுகளுக்கு ஸ்னோடன், பெர்ன்ஹில், லஷிங்டன் ஹால் என்று பெயர்கள் வந்தன. கடல் தாண்டி வந்து ஊர் நினைப்பில் ஏங்குகிறவனுக்கு, "இது உன் ஊர்தான், வா, தங்கு" என்று சொல்லும்படி ஒரு மலையே ஒப்பனை செய்துகொண்டது. சோலைக்காடும் தோடர் மந்தும் அந்த ஒப்பனைக்குப் பின்னால் போய்விட்டன.

1870-களில் மெட்ராஸ் அரசாங்கமே கோடைக்கு ஊட்டிக்குக் குடிவர ஆரம்பித்தது. கவர்னர் வந்தால் அதிகாரிகள் வருவார்கள். அதிகாரிகள் வந்தால் அவர்கள் குடும்பம், விருந்தாளிகள் எல்லாரும் வருவார்கள். அப்போது மலை ரயில் கிடையாது. குன்னூருக்கு 1899-ல்தான் வந்தது, ஊட்டிக்கு 1908-ல். மாட்டு வண்டியில் மேஜை நாற்காலி ஏற்றிக்கொண்டு மலை ஏற யாரால் முடியும்? அதனால் கட்டில், மெத்தை, பீங்கான், திரைச்சீலை எல்லாம் சேர்த்தே வீட்டை சீசனுக்கு வாடகைக்கு விடும் வழக்கம் இங்கே வேரூன்றியது. வருடத்தில் பல மாதம் பூட்டிக் கிடக்கும் வீடு, சித்திரை பிறந்தால் யாரோ காலையில்தான் வெளியே போன மாதிரி இருக்க வேண்டும். என் மாணவி சொல்லும் வேலை அச்சு அசலாக இதுதான்.

வீட்டுக்கு ஜோடிப்பு மட்டும் போதாது என்பதற்கும் ஊட்டியிலேயே ஒரு கதை உண்டு. சர் வில்லியம் ரம்போல்டு, ஐதராபாத்தில் பாமர் கம்பெனியில் பங்குதாரராக இருந்தவர். அந்தக் கம்பெனி முறிந்துபோனது. அவர் 1831, 32-ல் ஊட்டியில் தூண் வைத்த பெரிய கட்டடம் ஒன்றைக் கட்டினார். அடுத்த வருடமே, 1833-ல், இறந்துபோனார். 1834-ல் உடம்பு சரியில்லாமல் ஊட்டிக்கு வந்த கவர்னர் ஜெனரல் பென்டிங்க் அந்தக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். பிறகு அது கைமாறி, ஸ்னூக்கர் விதிகளுக்குப் பேர் போன ஊட்டி கிளப் ஆனது. எவ்வளவு அழகான கட்டடமாக இருந்தாலும், கட்டியவருக்கு அதில் வாழக் கொடுப்பினை வேண்டும்.

சர் பிரடெரிக் பிரைஸ் 1908-ல் எழுதிய ஊட்டி வரலாறு என்ற தடித்த புத்தகத்தில், பழைய வீடுகளை யார் கட்டினார், யாருக்குக் கைமாறியது என்றெல்லாம் விரிவாக இருக்கிறது. அந்த வீடுகளைத் துடைத்து, மெழுகி, கணப்பு மூட்டி வைத்தவர்களைத் தேடினால் ஏமாற்றம்தான். பட்லர், மேட்டி, குசினிக்காரர், ஆயா, மாலி, டோபி, தண்ணீர்க்காரர் என்று ஒரு பங்களாவுக்கு ஒரு கும்பலே வேலை செய்தது. அவர்கள் எல்லாம் பங்களாவுக்குப் பின்னால், வரிசையாகக் கட்டின சின்ன அறைகளில் இருந்தார்கள். அந்த அறைகளுக்கு நம் ஊரில் என்ன பெயர் தெரியுமா? கோடௌன். சாமான் வைக்கிற இடத்துக்கும் அதே பெயர், மனுஷன் குடியிருக்கிற இடத்துக்கும் அதே பெயர்.

நான் பிறந்தது அப்படி ஒரு கோடௌனில். பலருக்கு இது தெரியாது. பள்ளியில் நான் சொன்னதில்லை. என் அப்பா குன்னூரில் ஒரு துரை பங்களாவில் மேட்டியாகச் சேர்ந்து, பட்லர் ஆனவர். அம்மா கொழுந்து பறிக்கப் போவார்.

1947-க்குப் பிறகும் நம் மலையில் நிறைய வெள்ளைக்காரர்கள் தங்கிவிட்டார்கள். ஒரேயடியாக யாரும் கப்பல் ஏறவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஒவ்வொருவராகப் போனார்கள். 1966 ஜூன் 6-ம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள் அல்லவா, அது பலருக்குப் பெரிய அடி. டாலர் 4.76 ரூபாயில் இருந்து 7.50 ரூபாய் ஆனது. பவுன் ஸ்டெர்லிங் 13.33-ல் இருந்து 21 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள் கண்ணுகளா. பங்களாவை 1 லட்சத்துக்கு விற்றால், அந்தத் தேதிக்கு முந்தின நாள் 7,500 பவுன். அடுத்த நாள் சுமார் 4,760 பவுன்தான். ஊருக்குக் கிளம்ப நினைத்தவருக்கு ஒவ்வொரு ஆயிரம் ரூபாயும் முக்கியமாகிவிட்டது. 1973-ல் அன்னியச் செலாவணிச் சட்டம் வந்து வெளிநாட்டுக் கம்பெனிகளின் பங்கைக் குறைத்தபோது, மிச்சம் மீதி இருந்த எஸ்டேட் துரைமார்களிலும் பலர் கிளம்பினார்கள்.

எங்கள் துரை 1967 தை மாதம் பங்களாவை விலைக்கு வைத்தார். எனக்கு அப்போது 8 வயது. மூன்றாம் வகுப்பு. அப்பா செய்ததை எல்லாம் கூடவே நின்று பார்த்தேன்.

மூன்று நாளைக்கு முன்னாலேயே எல்லா அறையிலும் கணப்பு மூட்டினார். ஆட்கள் வருகிற அன்று மட்டும் மூட்டினால் சுவர் வியர்க்கும், புகையும் அறைக்குள் அடிக்கும் என்பார். சீகை விறகுதான் போடுவார், அது நின்று எரியும். மரத்தரைக்கு மெழுகு பூசி, தேங்காய் மட்டையைக் காலால் அழுத்தித் தேய்த்தார். கண்ணாடி ஜன்னலைப் பழைய செய்தித்தாளால் துடைத்தார். பித்தளைக் கைப்பிடிகள் எல்லாம் பளபளத்தன. சாப்பாட்டு அறையில் இருந்து பாதி நாற்காலியை எடுத்துவிட்டார். "ரூம் பெருசா தெரியணும்" என்றார். ஓடையோரம் பூத்திருந்த வெள்ளை லில்லியைப் பறித்து ஜாடியில் வைத்தார். ஆட்கள் வரும் நேரத்துக்குக் குசினியில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும்படி பார்த்துக்கொண்டார். அமெரிக்காவில் இன்றைக்கும் வீடு பார்க்க ஆள் வரும்போது பிஸ்கட் சுட்டு மணக்க வைப்பார்களாம். என் மாணவி சொன்னபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. அவருக்குப் பள்ளிக்கூடமே கிடையாது.

இன்னும் இரண்டு வேலையும் செய்தார். பின்பக்க அறையில் சுவர் ஊறி, உப்புப் பூத்துக் கிடந்தது. அங்கே ஒரு பெரிய அலமாரியை நகர்த்தி மறைத்தார். விரிசல் விட்ட இடத்தில் குதிரைப் படம் ஒன்றை மாட்டினார்.

கடைசி வேலை எங்கள் கோடௌன். துணி காயப்போடும் கொடியை அவிழ்த்தார். கோழிகளைக் கூடையில் போட்டு யாரிடமோ கொடுத்தனுப்பினார். அம்மாவையும் எங்கள் மூன்று பேரையும் கீழே எஸ்டேட் லயத்தில் இருந்த பாட்டி வீட்டுக்குப் போகச் சொன்னார். "வாங்க வர்றவங்க கண்ணுல நாம படக்கூடாதுன்னு துரை சொல்லிட்டாரு. மூணு நாள்தான்."

"நாம அழுக்கா இருக்கோமாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா பதில் சொல்லவில்லை. கோழிக்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பங்களா நல்ல விலைக்குப் போனது. புதிதாக வந்தவர்கள் அவர்கள் ஆட்களோடு வந்தார்கள். ஒரு மாதத்துக்குள் நாங்கள் லயத்துக்கே போய்விட்டோம். துரை போகும்போது அப்பாவுக்கு நற்சான்றுக் கடிதம் ஒன்றும் ஒரு கோட்டும் கொடுத்தார். அந்தக் கோட்டை வெட்டித் தைத்துத்தான் நான் ஆறாம் வகுப்பு வரை குளிருக்குப் போட்டேன். துரையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது.

சரி, இனி என் வீட்டுக்கு வருகிறேன். 1989-ல் நானும் உங்கள் சாரும் கடன் வாங்கிக் கட்டிய வீடு. மலைச்சரிவை வெட்டித் தளம் எடுத்ததால் பின்சுவருக்கும் மண்திட்டுக்கும் நடுவே ஒரு ஆள் போகிற சந்துதான். திட்டைத் தாங்க ஒரு தடுப்புச் சுவர். பின்னால் ஒரு அறையும் சமையல்கட்டும் தனியாக உண்டு. அதில் ஜார்க்கண்டில் இருந்து தேயிலை வேலைக்கு வந்த ஒரு குடும்பம் மூன்று வருடமாக இருக்கிறது. புருஷன், மனைவி, இரண்டு பிள்ளைகள். மூத்தது நம் பள்ளியில் நாலாம் வகுப்பு. தமிழ் பாடத்தில் வகுப்பில் முதல்.

மாணவி முதலில் சொன்ன யோசனை காலத்தைப் பற்றியது. "ஐப்பசி கார்த்திகை மழை முடியட்டும் டீச்சர். மார்கழியில பெயிண்ட் அடிப்போம். தை பொறந்ததும் காட்டுவோம்." குன்னூருக்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவக்காற்றில்தான் என்பது பாடத்திலேயே படித்தீர்கள். தையில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். நம் ஜனங்களும் ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற மாட்டார்கள், தையில்தான் முன்பணம் கொடுப்பார்கள். எல்லாம் பொருத்தம்தான். அப்பாவும் தையில்தான் ஜோடித்தார்.

அவள் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன், வீடு விற்கிறவர்களுக்கு உதவும்.

நோட்டுப் புத்தகத்தோடு கேட்டுக்கு வெளியே பத்து நிமிடம் நின்றாள். உள்ளே வரவே இல்லை. துருப்பிடித்த கேட், படியில் பாசி, எரியாத வாசல் பல்பு என்று எழுதினாள். வாங்க வருகிறவர் மனதில் முதல் நிமிடத்திலேயே பாதி முடிவு விழுந்துவிடுமாம். பாசியை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம். சொட்டுகிற குழாய், கிறீச்சிடுகிற கதவு, ஆடுகிற சுவிட்ச் எல்லாம் சரிசெய்தோம். சின்னக் கோளாறைப் பார்த்தால் பெரிய கோளாறும் இருக்கும் என்று மனசு கணக்குப் போடுமாம். உண்மைதானே? முதல் பக்கத்தில் எழுத்துப்பிழை இருந்தால் அந்த விடைத்தாளை நான் சந்தேகத்தோடுதான் திருத்துவேன்.

அடுத்து, கழிப்பது. மூன்று பீரோ வெளியே போயின. சுவரில் ஏழு காலண்டர் மாட்டியிருக்கிறேன் என்பதே அவள் எண்ணிச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 36 வருடத்துப் பள்ளிக் காகிதங்களை உட்கார்ந்து பிரித்தோம். உங்களில் ஒருவன் "ஊட்டி எதற்குப் புகழ் பெற்றது?" என்ற கேள்விக்கு "எங்கள் மாமா வீட்டுக்கு" என்று எழுதிய தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒரு அறைக்கு ஒரு வேலைதான் இருக்க வேண்டும் என்றாள். தையல் மிஷின், அரிசி டிரம், பழைய சைக்கிள் எல்லாம் கிடந்த சின்ன அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை மட்டும் போட்டாள். அது இவ்வளவு பெரிய அறை என்று 35 வருடத்தில் எனக்குத் தெரியாது. சாமான்களைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டாள். அறை பெரிதாகத் தெரியும், நம் ஊர் ஈரத்துக்குச் சுவரும் மூச்சு விடும். வெள்ளை டியூப்லைட்டை மாற்றி மஞ்சள் வெளிச்ச பல்பு போட்டாள். குளிருகிற ஊரில் வெள்ளை வெளிச்சம் இன்னும் குளிருமாம். கனமான திரையை எடுத்துவிட்டு மெல்லிய துணி போட்டதும் பள்ளத்தாக்கு முழுக்க வீட்டுக்குள் வந்துவிட்டது. கேட் ஓரத்து மரத்தை எடுத்தால் இன்னும் நன்றாகத் தெரியும் என்றாள். மலைப்பகுதியில் அனுமதி இல்லாமல் மரம் வெட்டக் கூடாது என்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டது என்றேன். "டீச்சர்கிட்ட மாட்டிக்கிட்டேன்" என்றாள்.

வாசனைக்கு ஸ்பிரே அடிக்கவில்லை. அடித்தால், எதையோ மறைக்கிறார்கள் என்று மூக்கு கண்டுபிடித்துவிடுமாம். பாச்சா உருண்டைகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மூன்று நாள் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். ஆட்களைக் காலை 10 மணியில் இருந்து 12-க்குள் வரச் சொல்ல வேண்டும், அதற்கு மேல் மேட்டுப்பாளையம் பக்கத்தில் இருந்து மஞ்சு ஏறிவிடும் என்றாள்.

கடைசியில் ஹாலில் நின்று தயங்கினாள். மாலை போட்ட உங்கள் சார் படம். வருகிறவர்கள் அவர்கள் குடும்பத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும், அதனால் நம் குடும்பப் படங்கள் இருக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் விதி. அவளால் சொல்ல முடியவில்லை. நானே கழற்றி, அவர் வேட்டியில் சுற்றி, பீரோவில் வைத்தேன். விதி சரியானதுதான். அன்று ராத்திரி தூக்கம் மட்டும் வரவில்லை.

பெயிண்ட், ரிப்பேர், கூலி எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய் ஆனது. வீடு பத்து வயது குறைந்தது போல் இருந்தது.

அடுத்து இரண்டு விஷயம் வந்தது. இந்தப் பதிவை எழுதக் காரணமே அவைதான்.

ஒன்று, பின்சுவர். கார்த்திகை மழையில் அது ஊறும். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய விட்ட துளைகள் மண் அடைத்துப் போய், தண்ணீர் வீட்டுச் சுவர் பக்கம் திரும்பிவிட்டது. பெயிண்டர், "பிளாஸ்டிக் பெயிண்ட் ரெண்டு கோட்டு அடிச்சிட்டா தையில ஒண்ணும் தெரியாதும்மா" என்றார். தெரியாதுதான். அடுத்த ஐப்பசியில் கொப்புளம் கொப்புளமாக உரியும். சுண்ணாம்பு அடித்த சுவர் ஈரத்தை வெளியே விடும், இந்தப் பெயிண்ட் உள்ளே பூட்டி வைக்கும். அப்போது அந்த வீட்டில் நான் இருக்க மாட்டேன். அதில்தான் ஆசை காட்டுகிறது.

1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன் 55-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை சொத்தில் இருந்தால், அது தனக்குத் தெரிந்திருக்கும்பட்சத்தில், விற்பவர் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். பத்திரத்தின் குறைக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். சுவரின் வில்லங்கத்துக்கு அப்படி ஒரு சான்று கிடையாது, விற்பவர் வாய்தான் சான்று. அதுவும் நம் மலையில் தண்ணீரை மறைப்பது விளையாட்டு இல்லை. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த வாரம் பள்ளியில் சில பெஞ்சுகள் காலியாக இருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும்.

அதனால் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு மட்டும் அடிக்கச் சொன்னேன். கார்த்திகையில் சுவர் ஊறியிருந்தபோது செல்போனில் எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு, பட்டா, வில்லங்கச் சான்றோடு அதே ஃபைலில் வைத்தேன். மாணவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "டீச்சர், இது என் தொழிலுக்கே எதிர்" என்றாள். "துடைக்கிறது உன் தொழில் கண்ணு. மறைக்கிறது வேற தொழில்" என்றேன்.

இரண்டாவது விஷயம் மறுநாள் வந்தது. தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "டீச்சர், ஆளுங்க வர்ற அன்னிக்கு மட்டும் பின்னாடி இருக்கிறவங்களை எங்கேயாவது... துணிக்கொடி, குடம் எல்லாம் போட்டோல விழுது."

அவளை உட்கார வைத்தேன். 1967 தை மாதக் கதையைச் சொன்னேன். கோழிக்கூடை வரை சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். எனக்கும் சங்கடமாகிவிட்டது. அவள் கெட்ட மனதோடு கேட்கவில்லை, தொழிலில் எல்லாரும் செய்வதைத்தான் சொன்னாள். என் அப்பாவும் அப்படித்தான் செய்தார். பிறகு இரண்டு பேருமாகப் பின்பக்கம் போய், அந்தப் பெண்ணிடம் கேட்டு, அந்தக் கதவுக்கும் அதே பெயிண்ட் அடித்தோம். கொடியை வெயில் விழும் இடத்துக்கு மாற்றிக் கட்டினோம். அதற்கு மேல் எதையும் மாற்றவில்லை.

தை பத்து தேதிக்கு மேல் முதல் ஆட்கள் வந்தார்கள். வீட்டை மெச்சினார்கள், சுவர் படத்தைப் பார்த்தார்கள், காபி குடித்துவிட்டுப் போனார்கள். போன் வரவே இல்லை. மகளுக்கு என்மேல் கோபம். "அம்மா, உண்மை பேசுறதுக்கும் ஒரு அளவு இருக்கு" என்றாள்.

இரண்டாவதாக வந்தது ஒரு ரிடையர்டு தம்பதி. அவர்களும் படத்தைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் ஒரு இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். துளைகளைத் தோண்டி, சந்தில் வடிகால் போட்டால் போதும் என்றார் அவர். அதற்கு ஆகும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசினார்கள், ஒத்துக்கொண்டேன். பின்வீட்டுப் பிள்ளைகளுக்கு மே மாதம் வரை பள்ளி இருக்கிறது, அதுவரை அந்தக் குடும்பம் இருக்க வேண்டும் என்று கேட்டேன். அந்த அம்மா, "அதுக்கப்புறமும் இருக்கட்டுமே, பாக்கலாம்" என்றார். பார்க்கலாம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். அதனால் மே வரை என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொண்டேன். பத்திரப் பதிவு சித்திரையில்.

வீட்டைக் கழுவித் துடைத்து, வெளிச்சம் வர வைத்து, வருகிறவருக்கு மரியாதையாகக் காட்டுவது நல்ல வேலை. என் மாணவி அதைப் படித்துச் செய்கிறாள், எனக்குப் பெருமை. என் அப்பாவும் அதே வேலையில் கெட்டிக்காரர் என்பதை இத்தனை வருடம் கழித்து அவள் மூலமாகத்தான் புரிந்துகொண்டேன். அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அதனால்தான் இங்கே எழுதினேன்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். மலையில் வீடு வாங்க நினைக்கிறவர்கள் தையில் வந்து பாருங்கள், ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஐப்பசி மழையில் ஒரு தடவை வந்து பாருங்கள். அலமாரியை நகர்த்திப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னாலும் போய்ப் பாருங்கள், அங்கே யார் இருக்கிறார்கள் என்று.

உங்களில் யாருடைய தாத்தா, பாட்டியாவது பங்களா வேலை பார்த்திருந்தால், அவர்கள் சொன்னதைக் கீழே எழுதுங்கள். கூச்சப்பட வேண்டாம், டீச்சரே ஆரம்பித்து வைத்துவிட்டேன்.

சித்திரைக்கு முன் குன்னூர் பக்கம் வருகிறவர்கள் ஒரு எட்டு வந்து போங்கள். நாற்காலி குறைவு, படியில் உட்காரலாம். பாசி இல்லை.

எல்லாரும் நல்லா இருங்கள்.